குமரிக் கரையை நடந்து பார்ப்பது எப்படி? வட்டக்கோட்டை முதல் முட்டம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வரிசையில்தான் எல்லாவற்றையும் செய்கிறார்கள். விடியலில் கூட்டத்தோடு கூட்டமாகச் சூரியனைப் பார்க்கிறார்கள். படகில் ஏறி விவேகானந்தர் பாறைக்குப் போகிறார்கள். 2024 டிசம்பர் 30 அன்று திறந்துவைக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தின் வழியாக 133 அடி வள்ளுவரை நோக்கி நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கரையில் சங்கு மாலை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் ஊரைக் காலி செய்துவிடுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் பார்த்தது ஒரு முனையை. கிழக்கே ஆரோக்கியபுரத்திலிருந்து மேற்கே கேரள எல்லையில் இருக்கும் நீரோடி வரை எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் கரை அப்படியே மிச்சம் இருக்கிறது.

அந்தக் கரையை ஒரே மூச்சில் நடக்க முடியாது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். கொஞ்ச தூரம் மணல், பிறகு கடலுக்குள் மூக்கை நீட்டும் பாறை, பிறகு ஒரு ஆற்று வாய், பிறகு மீன்பிடித் துறைமுகம் என்று கரை வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. ஊர்ப் பெயர்களே இதைச் சொல்லிவிடும். "துறை" என்று முடிந்தால் அங்கே வள்ளம் கரையேறும். "விளை" என்றால் ஒரு காலத்தில் தோப்பும் தோட்டமும் இருந்த இடம். "பொழி" என்றால் ஆறோ காயலோ மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழும் வாய். வரைபடத்தில் பெயரைப் படித்தாலே காலடியில் என்ன வரும் என்று ஓரளவு தெரிந்துவிடுகிறது.

ஆகவே துண்டு துண்டாக நடப்போம். இரண்டு நாள், மூன்று நடைகள்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை மிக நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியிருக்காது, கடலும் ஓரளவு தணிந்திருக்கும். குமரி முனையில் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றாலும் ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் முடியும். கோடையில் சூரியன் வடக்கே விலகி நிலத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அப்போது முட்டம்தான் கைகொடுக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. அதைவிடக் கடுமையான ஒன்றும் அந்த மாதங்களில் வரும், அதை அடுத்த படியில் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கம் கடல் கொந்தளிக்கும். மேட்டில் நின்று பார்க்க அதைவிட அழகான காலம் கிடையாது, கீழே இறங்கி நடக்க அதைவிட மோசமான காலமும் கிடையாது. அக்டோபர், நவம்பரில் மழைக்கு நடுவே வெயில் தெளியும் நாட்களைப் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டு பருவங்களுக்கும் முகம் காட்டும் மாவட்டம் இது என்பதற்கு மீன்பிடித் தடைக்காலமே சாட்சி. சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பக்க விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல் முதல் நீரோடி வரையான மேற்குப் பக்கத்துக்கோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு நாட்காட்டி! நல்ல மீன் சாப்பிடவும் சேர்த்துத்தான் வருகிறீர்கள் என்றால் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கடலைப் படியுங்கள்

வெளிநாட்டுக் கடலோர நடைகளைப் பற்றிய வழிகாட்டிகள் எல்லாம் ஓத அட்டவணையைப் பார்க்கச் சொல்லும். இங்கே அது அவ்வளவு உதவாது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கரையில் ஒரு மீட்டருக்கு உட்பட்டதுதான். ஆளைக் கொல்வது ஓதம் அல்ல, அலை.

முதன்முறை முட்டம் போனபோது எனக்கு இது தெரியாது. கடலைப் பார்த்தபடி ஒரு தட்டைப் பாறையில் நின்றிருந்தேன். நான் நின்ற இடம் ஈரமாக இருந்தது, அலையோ இருபதடி தள்ளி உடைந்துகொண்டிருந்தது. மேலே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மக்களே, மேலே ஏறி வா" என்று கத்தினார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று புரியவே சிறிது நேரம் ஆயிற்று. ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரு அலை அந்தப் பாறையை முழுதாக மூடி வழிந்தது. "பாறை எதனால் நனைந்திருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். ஒரு வழிகாட்டி நூல் சொல்ல வேண்டியது அத்தனையும் அந்தக் கேள்வியில் இருந்தது.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. பாறைப் பகுதிக்குள் இறங்குவதற்கு முன் மேட்டில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிடுவேன். அலைகள் கூட்டமாக வரும். ஏழெட்டு சின்ன அலைகள் வந்து ஏமாற்றிவிட்டு இரண்டு மூன்று பெரியவை வரும். பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, அதற்கும் மேலே உலர்ந்து வெளுத்திருக்கும் பாறையில் மட்டும் நடப்பேன். கறுத்தும் பச்சை பூத்தும் இருக்கும் பாறையில் காலே வைப்பதில்லை. பாசி, எண்ணெய் தடவிய தட்டு மாதிரி வழுக்கும்.

இனி "கள்ளக் கடல்". காற்றே இருக்காது, வானம் தெளிந்திருக்கும், திடீரென்று கடல் பெருத்துக் கரையேறிவிடும். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பும் நீளமான அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான் காரணம். புயல் அங்கே, அடி இங்கே. திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் அது, இன்று ஆய்வாளர்களும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். அன்றைக்கு எச்சரிக்கை அமலில் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற பெருங்கடல் தகவல் மையம் இத்தகைய எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. உள்ளூர்ச் செய்திகளிலும் வரும். ஏப்ரல், மே மாதங்களில் பார்க்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள், கடல் மறுநாளும் அங்கேதான் இருக்கும்.

குளிக்கலாமா என்று கேட்பார்கள். திறந்த கரையில் வேண்டாம் என்பது என் முடிவு. மணல் சரிந்து சட்டென்று ஆழமாகிவிடும் இடங்கள் பல.

மூன்றாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

பிடிமானமுள்ள ரப்பர் அடி வைத்த காலணி. ரப்பர் செருப்பு மணலுக்குச் சரி, பாறைக்கு ஆகாது. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி ஓடுகள் பிளேடு மாதிரி கிழிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி, ஒரு துண்டு. கைப்பேசியில் இரண்டு எண்கள்: ஆம்புலன்சுக்கு 108, கடலோரக் காவலுக்கு 1093. வேறு எதுவும் தேவையில்லை. நடுவில் ஊர்கள் இருக்கின்றன, தேநீர்க் கடைகள் இருக்கின்றன.

முதல் நடை: குமரி முனையிலிருந்து வட்டக்கோட்டை

முதல் நாள் காலை, ஆறேழு கிலோமீட்டர். சூரிய உதயத்துக்குக் கூடும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு வாவத்துறை வழியாக வடகிழக்காக நடக்கத் தொடங்குங்கள். உதயம் வழியிலேயே கிடைக்கும், இடித்துத் தள்ள ஆளில்லாமல் கிடைக்கும்.

சின்னமுட்டம் துறைமுகத்தில் கரை தடைபடும். அலைத்தடுப்புச் சுவர்மேல் ஏறிக் குறுக்கே போக முயல வேண்டாம், சாலைக்கு ஏறிச் சுற்றிக்கொண்டு போங்கள். மீன் இறங்கும் நேரமாக இருந்தால் ஏலம் நடக்கும். ஓரமாக நின்று பாருங்கள். கூடை சுமந்து வருகிறவர்களுக்கு நடுவில் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் போன்ற இடைஞ்சல் வேறில்லை.

துறைமுகம் தாண்டியதும் மணல் நிறம் மாறத் தொடங்கும். குனிந்து ஒரு கை அள்ளிப் பாருங்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், நடுவே வெண்மணல். குமரி அம்மனுக்கும் சுசீந்திரம் கோயிலின் தாணுமாலயனுக்கும் நடக்கவிருந்த திருமணம் நின்றுபோனதால் சமைக்கக் கொண்டுவந்த அரிசியும் பருப்பும் கடற்கரையில் கொட்டப்பட்டு மணலாகிவிட்டன என்று குமரியில் கதை சொல்வார்கள். மலைப் பாறைகள் சிதைந்து ஆறுகள் கொண்டுவந்த கனிமங்களை அலை எடைவாரியாகச் சலித்து வைத்திருக்கிறது என்பது நிலவியல் சொல்லும் கதை. எதை நம்பினாலும் மணலைப் புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மேட்டு மணலில் பாயாய்ப் படர்ந்து ஊதா கலந்த இளஞ்சிவப்பாகப் பூத்திருப்பது அடும்பு. நெய்தல் திணைப் பாடல்களில் தலைவியின் தோழிகள் பறித்து விளையாடியது இந்தப் பூவைத்தான். பக்கத்திலேயே முள்பந்து போல் உருண்டு கிடப்பது ராவணன் மீசை. இவை இரண்டும்தான் மணல் மேட்டைக் காற்றில் பறக்காமல் கட்டி வைத்திருக்கின்றன. மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

வட்டக்கோட்டை பெயரில் மட்டும்தான் வட்டம். உண்மையில் அது நாற்கரமான கருங்கல் கோட்டை, சுவர் கடலுக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் டிலனாய் என்ற முன்னாள் டச்சுக் கம்பெனி அதிகாரி இதை வலுப்படுத்தினார். அவர் யார், எப்படி இங்கே வந்தார் என்பது இரண்டாம் நாள் குளச்சலில் தெரியும். மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி நில்லுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தன் கடைசிக் குன்றுகளோடு இறங்கி வருவதும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைக் குடித்துச் சுழலும் காற்றாலைகளும் தெரியும். மலையும் கடலும் இவ்வளவு நெருக்கத்தில் நிற்கும் காட்சி தமிழ்நாட்டில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. திரும்புவதற்குச் சாலைக்கு வந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் அதே மணலில் திரும்பி நடப்பது தண்டனை.

இரண்டாம் நடை: மணக்குடியும் சொத்தவிளையும்

அன்று மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இது சுலபமான நடை, குழந்தைகளோடும் போகலாம்.

பழையாறு கடலில் கலக்கும் இடம் மணக்குடி. இந்தப் பக்கம் கீழமணக்குடி, அந்தப் பக்கம் மேலமணக்குடி, நடுவில் காயல். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இங்கிருந்த பாலத்தைப் பெயர்த்து எறிந்தது. இரு கரைகளிலும் பேரிழப்பு. இப்போதுள்ள பாலம் பின்னால் கட்டப்பட்டது. அதன்மேல் நின்று காயலைப் பார்க்கும்போது ஒரு பக்கம் அலையாத்தி மரங்களும், ஆழமில்லா நீரில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகளும் தெரியும். மேலே வட்டமிடும் செம்பருந்து ஒன்றாவது கண்ணில் படும். குளிர்காலத்தில் வலசைப் பறவைகளும் வந்து சேரும். சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் ஒரே காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இங்கேயே மாலையை முடித்துவிடுவார்கள், நான் பலமுறை அப்படி முடித்திருக்கிறேன்.

நடக்க விரும்புகிறவர்கள் மேற்கே சொத்தவிளைக்குப் போகலாம். சில கிலோமீட்டர் நீளத்துக்கு அகலமான மணற்பரப்பு. பாறை இல்லை, திருப்பம் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சலிப்பும் தட்டும். அந்தி நேரத்துக்கு மட்டும் சொத்தவிளை. சங்குத்துறையும் அதே இனம், இரண்டில் ஒன்று போதும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். இருட்டியபின் மணலில் நடந்தால் டார்ச் வெளிச்சத்தைக் கடலை நோக்கி அடிக்காதீர்கள். வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

மூன்றாம் நடை: முட்டம், கடியபட்டினம்

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நாகர்கோவிலிலிருந்து முட்டம் பதினாறு பதினேழு கிலோமீட்டர், பஸ் உண்டு. இரண்டாம் நாள் காலையில் குளச்சலைப் பார்த்துவிட்டு, மதியம் மூன்று மணி போல் முட்டத்தில் இருக்கும்படி திட்டமிடுங்கள். முட்டம் பல தமிழ்த் திரைப்படங்களில் வந்த ஊர். அதனால் வருகிறவர்கள் நேராகப் பாறைக்கு ஓடிப் படத்தில் பார்த்த மாதிரியே நிற்க ஆசைப்படுவார்கள். நீங்கள் முதலில் கடலுக்கு எதிர்ப்பக்கம் போங்கள்.

அங்கே செம்மண் மேடுகள் இருக்கின்றன. தேரி என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்கிறார்களே, அதே குடும்பம். ஒவ்வொரு மணல் துகளையும் இரும்பின் துரு மெல்லிய தோலாகப் போர்த்தியிருப்பதால் இந்தச் சிவப்பு. மழை ஒவ்வொரு ஆண்டும் மேட்டை அறுத்து அறுத்து ஆழமான ஓடைகளையும் கூர்மையான முகடுகளையும் செதுக்கிவிட்டது. மேட்டின் விளிம்பில் நின்றால் காலடியில் குங்குமச் சிவப்பு, அதற்கப்பால் கரும்பாறை, அதற்கப்பால் நீலம். விளிம்பு உதிரும், ஓடைக்குள் சரிவில் இறங்குவதும் வேண்டாம். பள்ளத்தின் வாயிலிருந்து தரைமட்டமாகவே உள்ளே நடந்து பார்த்துவிட்டு வரலாம்.

பிறகு பாறைக்கு வாருங்கள். தென் தமிழகத்தின் இந்த முனையில் இருப்பவை பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறைகள். இவற்றில் சார்னோகைட் முக்கியமானது. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதியிலும் இருப்பது அதே வகைதான். கல்கத்தாவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் வைத்த கல் அந்த வகை என்பதால் அவர் பெயரே பாறைக்கும் வந்தது. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பாக ஒட்டிக் கிடந்த காலத்தில் இந்தப் பாறைகள் அதன் உட்பகுதியில் இருந்தன. அவை பிரிந்துபோன பிறகுதான் இங்கே கடல் வந்தது. அதாவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் பாறை, எதிரே இருக்கும் கடலைவிட வயதில் மூத்தது. இது தெரிந்த பிறகு என்னால் முட்டத்தில் கைப்பேசியை எடுக்கவே முடிவதில்லை.

கலங்கரை விளக்கத்தின் மேலே ஏற அனுமதிக்கும் நேரம் பெரும்பாலும் மாலையில்தான். வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள், சிறு கட்டணம் உண்டு. மேலிருந்து பார்த்தால் வடமேற்கே கடியபட்டினம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று கரை விலகி வளைவது ஒரே பார்வையில் விளங்கும். இன்று எதுவரை நடக்கலாம், எந்தப் பாறையில் அலை ஏறுகிறது என்பதையும் இங்கிருந்தே முடிவு செய்துவிடுங்கள்.

முட்டத்திலிருந்து கடியபட்டினம் வழியாக வள்ளியாற்றின் வாய் வரை மூன்று கிலோமீட்டருக்குள்தான். பாறையோரம் தொடர்ந்து போக வழியில்லாத இடங்களில் ஊர்த் தெருவுக்குள் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அதுதான் இந்த நடையின் ருசி. வீட்டு வாசலை ஒட்டி நெத்திலி காயும், அதற்குப் பக்கத்தில் நின்று மூக்கைப் பொத்தாதீர்கள். வலை விரித்திருந்தால் தாண்டக் கூடாது, சுற்றிப் போங்கள். முகங்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். வழி கேட்டால் ஒருவர் பாதி தூரம் கூடவே வந்து காட்டுவார். பருவத்தில் போனால் பாறையடியில் மூழ்கிச் சிப்பி பறிக்கிறவர்களைப் பார்க்கலாம். பழுப்பு நிற ஓட்டுச் சிப்பி இந்தப் பக்கத்துப் பாறைகளின் தனிச்செல்வம். மிளகும் தேங்காயும் போட்டு வறுத்த சிப்பிக்கறியைச் சாப்பிடாமல் ஊர் திரும்புவது சரியில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும், பனை ஏறும் காலமாக இருந்தால் அக்கானியும் (மற்ற ஊர்களில் பதனீர்) கிடைக்கும்.

ஆற்று வாயில் பொழி அடைந்திருந்தால் மணல் திட்டு பாலம் மாதிரி தெரியும். அதை நம்பிக் குறுக்கே நடக்க வேண்டாம். பொழி எப்போது முறியும் என்று ஊர்க்காரர்களுக்கே சில சமயம் தெரியாது. நடை இங்கே முடிகிறது.

வாகனத்தில் பார்க்க வேண்டியவை (இரண்டாம் நாள் காலையில்)

வள்ளியாற்றுக்கு மேற்கே மணவாளக்குறிச்சி. இங்கேயுள்ள கடல் மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கொண்ட மோனசைட் கனிமம் இருக்கிறது. இப்பகுதியிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து, 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டறிந்தார். இன்று அங்கே அரிய மணல் ஆலை இயங்குகிறது, நடப்பதற்கான கரை அல்ல. அடுத்து மண்டைக்காடு, புற்றையே பகவதியாக வழிபடும் கோயில், மாசிக் கொடை விழாவின்போது கரையெல்லாம் பெண்கள் கூட்டம்.

அதற்கடுத்து குளச்சல். 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை இங்கே தோற்கடித்தது. நினைவாக ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. பிடிபட்ட டச்சு அதிகாரிதான் முதல் நாள் வட்டக்கோட்டையில் சந்தித்த டிலனாய். சிறைபிடித்தவரிடமே வேலைக்குச் சேர்ந்து, அவர் படையைப் பழக்கி, கோட்டைகளைக் கட்டி, 1777-இல் இங்கேயே இறந்தார். புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. நேரமிருந்தால் ஒரு எட்டுப் போய் வாருங்கள்.

தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேர்வதைப் பார்க்கலாம். அதற்கு மேற்கே தூத்தூர், வள்ளவிளை, நீரோடிப் பக்கம் கடல் அரிப்பு கரையைத் தின்றுவிட்டது. மணல் இருந்த இடத்தில் கருங்கல் தடுப்புச் சுவர்களும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளும் நிற்கின்றன. சுவருக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் அலை. அங்கே உல்லாச நடைக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் நடை முடிந்ததும் முட்டத்துக்குத் திரும்ப வேண்டும், அந்தியை அங்கேதான் கழிக்க வேண்டும். சூரியன் இறங்கும்போது செம்மண் மேடு ஒரு பத்து நிமிடம் நெருப்பாக எரியும், எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். கலங்கரை விளக்கின் ஒளி சுழலத் தொடங்கியதும் பாறையை விட்டு ஏறிவிடுங்கள். இருட்டில் ஈரப் பாறைக்கும் உலர்ந்த பாறைக்கும் வித்தியாசம் தெரியாது. நாகர்கோவிலுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று வரும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.